சிறைக்குள்ளிருந்து ஒரு மனு
(ஏ.கே. கோபாலனின் வாழ்க்கையும் நம் கையில் இருக்கும் ஓர் உரிமையும்)



மறைந்த பெரிய மனிதர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க் குழுவில் கேட்டார்கள். பொறியாளன் எழுதினா விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றியோ நம்ம ஜி.டி. நாயுடுவைப் பற்றியோதான் எழுதுவான் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவர்களைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். நான் வேறொருவரை எடுத்துக்கொள்கிறேன்.

துடியலூரில் ஒரு பம்ப் கம்பெனியில் எனக்கு வேலை. மாதத்தில் இரண்டு மூன்று தடவை வாளையாறு தாண்டி கஞ்சிக்கோடு, பாலக்காடு என்று போய்வர வேண்டியிருக்கும். அந்தப் பக்கம் இந்தியன் காபி ஹவுஸில் சாப்பிட்டவர்கள் பார்த்திருப்பீர்கள். சுவரில் ஒரு பெரியவரின் படம் மாட்டியிருப்பார்கள். அவர்தான் ஏ.கே.ஜி. என்கிற ஏ.கே. கோபாலன். 1971-லிருந்து 1977 வரை பாலக்காட்டுக்கு அவர்தான் எம்.பி. சட்டம் படிக்கிற எந்த மாணவரைக் கேட்டாலும் இந்தப் பெயர் தெரியும். நம்மைப் போல் இன்ஜினீயரிங் படித்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. ஆனால் அவர் நடத்திய வழக்கு, சட்டம் படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்குத்தான் அதிகம் வேண்டியது.

வாத்தியார் கோபாலன்

1904 அக்டோபர் 1 அன்று கண்ணூருக்குப் பக்கத்தில், பெரளசேரி வட்டாரத்தில் பிறந்தார். அன்றைக்கு அது மலபார் மாவட்டம். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் சேர்ந்தது. நம்ம கோயம்புத்தூரும் மலபாரும் ஒரே அரசாங்கத்தின் கீழ் இருந்தவை என்பதை இந்தத் தலைமுறை மறந்தே போய்விட்டது. தலைச்சேரியில் படித்து முடித்து, பள்ளிக்கூட வாத்தியாராகச் சில வருஷங்கள் வேலை பார்த்தார். பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே காங்கிரஸ் வேலை, கதர் வேலை என்று ஊர் ஊராகச் சுற்றினார். 1930-ல் உப்பு சத்தியாக்கிரகம் வந்தது. வேலையை விட்டுவிட்டு ஜெயிலுக்குப் போனார்.

அடுத்த வருஷம் குருவாயூர் கோயிலில் எல்லாச் சாதியாரையும் அனுமதிக்க வேண்டும் என்று கேளப்பன் தலைமையில் சத்தியாக்கிரகம் நடந்தது. அதற்குத் தொண்டர் படைத் தலைவர் கோபாலன். அங்கே வாங்கிய அடி கொஞ்சநஞ்சமில்லை. 1936-ல் வேலையில்லாதவர்களின் கஷ்டத்தை அரசாங்கத்திடம் சொல்வதற்காக மலபாரிலிருந்து சென்னைக்குப் பட்டினி ஊர்வலம் ஒன்றை நடத்திக்கொண்டு கால்நடையாகவே போனார். காங்கிரஸ் சோஷலிஸ்ட் ஆகி, பிறகு கம்யூனிஸ்ட் ஆனார். அவருடைய கட்சியை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். நான் சொல்ல வந்தது கட்சியைப் பற்றி இல்லீங்க.

ஜெயில் வாழ்க்கை

அவருடைய வாழ்க்கையில் ஜெயில் திரும்பத் திரும்ப வரும். 1941-ல் வேலூர்ச் சிறையில் அடைத்தார்கள். அங்கே சுவரில் துளை போட்டுத் தப்பித்து, சில வருஷங்கள் தலைமறைவாகவே இருந்தார். யுத்தம் முடிந்து வெளியே வந்தார். மறுபடியும் பிடித்தார்கள்.

1947 ஆகஸ்ட் 15. நாடே கொண்டாடிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் நாட்டுக்காக ஜெயிலுக்குப் போன இந்த மனுஷன், சுதந்திரம் வந்த அன்றைக்கும் கண்ணூர்ச் சிறையில் இருந்தார். தன்னிடம் வைத்திருந்த தேசியக் கொடியை எடுத்துக்கொண்டு சிறை வளாகத்துக்குள்ளேயே நடந்தார். கைதிகள் கூடினார்கள். கொடி ஏற்றினார்கள். சுதந்திரம் என்றால் என்ன என்று அவர்களிடம் பேசினார்.

கண்ணூர்ச் சிறை என்றதும் கோவைக்காரர்களுக்கு இன்னொருவர் நினைவு வர வேண்டும். நம்ம ஊர் மத்திய சிறையில் செக்கிழுத்த வ.உ.சி.யைப் பிறகு மாற்றிக் கொண்டுபோனது அந்தக் கண்ணூர்ச் சிறைக்குத்தான்.

சில மாதங்களில் விடுதலை கிடைத்தது. 1947 டிசம்பரில் மறுபடியும் கைது. அதன்பிறகு நடந்ததைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். சாதாரணக் குற்றவியல் சட்டப்படி வழக்குப் போட்டுத் தண்டனை வாங்கினார்கள். மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. ஆனாலும் ஆள் வெளியே வரவில்லை. ஒரு காவல் உத்தரவு போனால் இன்னொரு காவல் உத்தரவு. குற்றம் நிரூபணமாகவில்லை, தண்டனையும் இல்லை, ஆனால் ஜெயில் மட்டும் உண்டு. இதைத்தான் தடுப்புக் காவல் என்கிறோம். செய்த குற்றத்துக்காக அல்ல, இனிமேல் செய்துவிடுவார் என்கிற சந்தேகத்துக்காக அடைத்து வைப்பது.

அந்தக் காலத்துச் சிறைகள் எப்படி இருந்தன என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் செத்தார்கள். நாடு குடியரசாகி அப்போது இரண்டு வாரத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது.

புதிய சட்டம், புதிய கதவு

1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டே நாளில், ஜனவரி 28-ல் உச்ச நீதிமன்றம் தொடங்கியது. தனிக் கட்டடம்கூட அப்போது கிடையாது. பாராளுமன்றக் கட்டடத்தின் ஒரு மண்டபத்தில்தான் 1958 வரை நடந்தது.

அரசியல் சட்டத்தின் 32-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. என்னுடைய அடிப்படை உரிமையை அரசாங்கம் பறித்துவிட்டது என்றால், நான் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம் என்று அது சொல்கிறது. யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கலெக்டர் சிபாரிசு வேண்டாம், எம்.எல்.ஏ. கடிதம் வேண்டாம். முக்கியமான விஷயம், அப்படிப் போவதே ஓர் அடிப்படை உரிமை. அம்பேத்கர் இந்தப் பிரிவை அரசியல் சட்டத்தின் உயிர் என்றே மதித்தார். இது இல்லாவிட்டால் மற்ற உரிமைகளெல்லாம் காகிதத்தோடு நின்றுவிடும் என்பது அவர் கருத்து.

நம்ம பாஷையில் சொன்னால், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்பது ஒரு சங்கதி, அதை மேலே கொண்டுவர மோட்டார் இருக்கிறது என்பது வேறு சங்கதி. உரிமை தண்ணீர் என்றால் 32-வது பிரிவுதான் மோட்டார்.

அரசியல் சட்டம் வந்த ஒரே மாதத்தில், பிப்ரவரி 26 அன்று தடுப்புக் காவல் சட்டம் அமலுக்கு வந்தது. மார்ச் 1 அன்று சிறையில் இருந்த கோபாலன் கையில் அந்தச் சட்டப்படி ஒரு புதிய உத்தரவைக் கொடுத்தார்கள். பழைய காவல் மேலேயே புதிய காவல். அவர் மனுப் போட்டார். ஆட்கொணர்வு மனு, அதாவது ஹேபியஸ் கார்ப்பஸ். அந்த வருஷத்து 13-வது மனு அது. எதிர்த் தரப்பு சென்னை அரசு. சிறைக்குள் இருக்கும் தனி ஒரு மனுஷன், ஒரு மாகாண அரசாங்கத்தை நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றத்துக்கு இழுத்தார் என்றால் அது சாதாரண விஷயமா?

வழக்கு நடந்த விதம்

கோபாலனுக்காக வாதாடியவர் எம்.கே. நம்பியார். அரசுத் தரப்பில் சென்னை அட்வகேட் ஜெனரல் ராஜா அய்யரும், மத்திய அரசுக்காக அட்டர்னி ஜெனரல் செதல்வாடும். கேட்டவர்கள் தலைமை நீதிபதி கனியா உட்பட ஆறு நீதிபதிகள். அடிப்படை உரிமைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் இவ்வளவு விரிவாக ஆராய்ந்த முதல் பெரிய வழக்கு இதுதான்.

நம்பியாரின் வாதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டம் வகுத்த நடைமுறைப்படி தவிர ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது 21-வது பிரிவு. இந்த வாசகம் ஜப்பானிய அரசியல் சட்டத்தைப் பார்த்து எடுத்தது. பாராளுமன்றம் ஏதோ ஒரு சட்டம் போட்டு, ஏதோ ஒரு நடைமுறையை எழுதிவிட்டால் போதுமா? அந்த நடைமுறை நியாயமாக இருக்க வேண்டாமா? அதோடு, ஜெயிலில் போட்ட ஆளுக்கு 19-வது பிரிவு சொல்கிற நடமாட்டச் சுதந்திரம் எங்கே போனது? இந்தப் பிரிவுகளையெல்லாம் சேர்த்துத்தானே படிக்க வேண்டும்?

1950 மே 19 அன்று தீர்ப்பு வந்தது. நாலு பேர் ஒரு பக்கம், ரெண்டு பேர் ஒரு பக்கம். கோபாலன் தோற்றார். சட்டம் என்றால் சட்டசபையோ பாராளுமன்றமோ போட்ட சட்டம்தான், அது நியாயமா என்று அளக்கும் வேலை எங்களுடையதல்ல என்பதுதான் பெரும்பான்மையின் நிலை. 19, 21, 22 எல்லாம் தனித்தனி அறைகள், ஒன்றுக்குள் ஒன்று நுழையாது என்று வைத்துவிட்டார்கள். நீதிபதி ஃபசல் அலியும் நீதிபதி மகாஜனும் மாறுபட்டார்கள். ஃபசல் அலி, ஒருவரைப் பிடித்து வைத்தால் காரணம் சொல்ல வேண்டும், அவர் பேச்சைக் கேட்க வேண்டும், கேட்பவர் நடுநிலையாளராக இருக்க வேண்டும், இதெல்லாம் சேர்ந்ததுதான் நடைமுறை என்று எழுதினார்.

தோல்விதான், ஆனால் முழுத் தோல்வி இல்லை. அந்தச் சட்டத்தில் 14-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. எந்தக் காரணத்துக்காகப் பிடித்தார்கள் என்பதை நீதிமன்றத்தில்கூட வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் தண்டனை என்றது அது. யோசித்துப் பாருங்கள். காரணத்தைக் காட்டாமல் எந்த நீதிபதி என்ன விசாரிப்பார்? கதவு திறந்தே இருக்கிறது, ஆனால் உள்ளே போய் வாய் திறக்கக் கூடாது என்ற கதை. ஆறு நீதிபதிகளும் ஒருமனதாக அந்தப் பிரிவைச் செல்லாது என்று தள்ளினார்கள். இன்றைக்குத் தடுப்புக் காவலில் இருக்கிற யாராக இருந்தாலும், தன்னைப் பிடித்த காரணத்தை நீதிமன்றத்தில் காட்டி அது சரியா தப்பா என்று கேட்க முடிகிறதே, அதில் கோபாலனுக்குப் பங்கு உண்டு.

சரியாக ஒரு வாரம் கழித்து, மே 26 அன்று இன்னொரு தீர்ப்பு. ரொமேஷ் தாப்பர் நடத்திய கிராஸ் ரோட்ஸ் பத்திரிகையைச் சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று தடுத்திருந்தார்கள். அவர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். முதலில் சென்னை உயர்நீதிமன்றத்துக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு ஆட்சேபித்தது. அந்த ஆட்சேபத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. நேராக வருவது கொடுக்கப்பட்ட உரிமை, அதைத் தட்ட முடியாது என்று முடிவு செய்து தடையையும் ரத்து செய்தது. இப்படியாக, இரண்டு சென்னை மாகாண வழக்குகளில் அந்தக் கதவின் அளவு நிர்ணயமானது.

கோபாலனும் சும்மா இருக்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய் மறுபடியும் போராடி, 1951-ல் வெளியே வந்தார்.

உலகத்தில் மற்ற இடங்களில்

இதே 1950-ல், நவம்பர் 4 அன்று, ஐரோப்பிய நாடுகள் ரோம் நகரில் கூடி மனித உரிமை உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்துப் போட்டன. அதற்கென்று ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒரு நீதிமன்றம் 1959-ல் வந்தது. ஆனால் தனி மனிதர் நேராக அந்த நீதிமன்றப் படியேற முடியாது. முதலில் ஓர் ஆணையத்திடம் மனுக் கொடுக்க வேண்டும். அதுவும் அவருடைய நாடு சம்மதித்திருந்தால்தான். ஆணையமோ ஒரு நாடோ வழக்கை எடுத்துப் போனால்தான் நீதிமன்றம் பார்க்கும்.

அந்த நீதிமன்றத்தின் முதல் வழக்கு என்ன தெரியுமா? அயர்லாந்தில் 1957-ல் விசாரணையில்லாமல் முகாமில் அடைக்கப்பட்ட லாலெஸ் என்பவரின் வழக்கு. அதுவும் தடுப்புக் காவல்தான். 1961-ல் வந்த தீர்ப்பில் அவரும் தோற்றார். ஆக, அங்கேயும் இங்கேயும் முதலில் கதவைத் தட்டியது விசாரணையின்றி அடைபட்ட ஒரு கைதி. இரண்டு பேருக்கும் அன்று கிடைத்தது தோல்வி. ஐரோப்பாவில் தனி மனிதர் நேராக நீதிமன்றம் போகும் உரிமை 1998 நவம்பர் 1-ல்தான் முழுமையாக வந்தது. நமக்கு 1950-லேயே நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தில் அந்த உரிமை இருந்தது என்பதில் பெருமைப்படலாம்.

ஆனால் முழுசாகப் பெருமைப்பட முடியாது. ஐரோப்பா, அமெரிக்கக் கண்டம், ஆப்பிரிக்கா மூன்றுக்கும் பிராந்திய மனித உரிமை நீதிமன்றம் இருக்கிறது. ஆசியா முழுமைக்கும் அப்படி ஒன்று கிடையாது. நம் நாட்டு நீதிமன்றமும் கைவிட்டுவிட்டால் அடுத்துத் தட்ட வேறு கதவு இல்லை. ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் தனி மனிதர் முறையிட வழிசெய்யும் ஒப்பந்தத்திலும் இந்தியா சேரவில்லை. இலங்கை 1997-ல் சேர்ந்தது. சிங்கராசா என்ற தமிழர், தனக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கப்பட்டவர், அந்தக் குழுவிடம் போனார். 2004-ல் குழு அவர் பக்கம் பேசியது. 2006-ல் இலங்கை உச்ச நீதிமன்றம், அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்ததே எங்கள் அரசியல் சட்டப்படி செல்லாது என்று தள்ளிவிட்டது. கதவு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இது சாட்சி.

மக்கள் சபையில் ஏ.கே.ஜி.

1952 முதல் பொதுத் தேர்தலில் கண்ணூரில் நின்று ஜெயித்து லோக்சபாவுக்குப் போனார். அதே வருஷம் சுசீலாவைத் திருமணம் செய்துகொண்டார். அவரும் பிற்காலத்தில் எம்.பி. ஆனவர். அதற்குப் பிறகு ஒரு தேர்தலிலும் கோபாலன் லோக்சபா இடத்தை இழக்கவில்லை. கண்ணூரிலும் காசர்கோட்டிலும் நின்று ஜெயித்தவர் கடைசியாக வந்தது பாலக்காட்டுக்கு.

1957 வாக்கில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடி, வேலைக்காரர்களை வீட்டுக்கு அனுப்பியது. போராட்டத்தோடு நிறுத்தாமல், கடையை நீங்களே நடத்துங்கள் என்று அவர்களைக் கூட்டுறவுச் சங்கமாக்கியவர் ஏ.கே.ஜி. நம்மைப் போன்ற தொழில்நகரத்துக்காரர்கள் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம். முதலாளி இல்லாமல் தொழிலாளர்களே கணக்குப் பார்த்து, கல்லாவில் உட்கார்ந்து, பரிமாறி, 60 வருஷத்துக்கு மேல் அதை ஓட்டியிருக்கிறார்கள்.

1961-ல் இடுக்கி மலைப் பகுதியில் குடியிருந்த ஏழை விவசாயிகளைக் கிளப்பி அமராவதியில் கொண்டுவந்து கொட்டினார்கள். கொட்டும் மழையில் அவர்களுக்காக உண்ணாவிரதம் இருந்தார். 1964 கடைசியில் மறுபடியும் தடுப்புக் காவல். மறுபடியும் உச்ச நீதிமன்றம் போனார். 1965-ல் மறுபடியும் தோற்றார். ஒரு தடவை தோற்ற இடத்துக்கே இன்னொரு தடவை போவதற்கு ஒரு நம்பிக்கை வேண்டும்.

1975-ல் எமர்ஜென்சி வந்தது. ஜூலையில் கூடிய பாராளுமன்றத்தில், உடம்பு தளர்ந்த அந்த வயதிலும் எழுந்து அதை எதிர்த்துப் பேசினார். 1976 ஏப்ரல் 28-ல், எமர்ஜென்சியின்போது அடைபட்டவர் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஐந்து பேரில் நீதிபதி கன்னா ஒருவர் மட்டுமே மாறுபட்டார். எந்தக் கதவை 1950-ல் கோபாலன் தட்டினாரோ, அதை உள்ளே இருந்தே சாத்திக்கொண்டார்கள்.

1977 மார்ச் 21-ல் எமர்ஜென்சி முழுவதும் விலக்கப்பட்டது. மறுநாள், மார்ச் 22 அன்று, ஏ.கே.ஜி. கண்மூடினார். வயது 72.

செத்த பிறகு கிடைத்த வெற்றி

பத்து மாதம் கழித்து, 1978 ஜனவரி 25-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில் தீர்ப்பு வந்தது. நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமாகவும் இருக்க வேண்டும், அடிப்படை உரிமைகளைச் சேர்த்தேதான் படிக்க வேண்டும் என்று முடிவானது. 28 வருஷம் முன்பு நம்பியார் வாதாடியது அப்படியே சட்டமானது. ஏழு நீதிபதிகளில் ஒருவர், 1950-ல் மாறுபட்டு எழுதிய ஃபசல் அலியின் மகன். இன்னொருவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், பாலக்காட்டுக்காரர். சென்னை மாகாணச் சிறையை 1948-ல் தானே பார்த்தவர். அவர்கள் காலத்தில்தான் கைதி எழுதிய ஒரு சாதாரணக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. எமர்ஜென்சி காலத்து அந்தத் தீர்ப்பையும் 2017-ல், அந்தரங்க உரிமை வழக்கில், உச்ச நீதிமன்றமே தவறென்று தள்ளியது.

மாணவத் தம்பி தங்கைகளே, தடுப்புக் காவல் இன்றும் நம் சட்டத்தில் இருக்கிறது. தேசப் பாதுகாப்புச் சட்டம் 1980-ல் வந்தது. நாம் சாதாரணமாகக் குண்டர் சட்டம் என்று சொல்வது 1982-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம். நம்ம ஊர்ப் பேப்பரில் இன்னார் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது என்று படித்தால், பாயட்டும் என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்பது நமக்குத் தெரியாது. அவர் கேட்கக்கூடிய கேள்வி மட்டும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என்னை ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். 226-வது பிரிவின்படி சென்னை உயர்நீதிமன்றத்துக்கும், 32-வது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். அடைபட்டவரால் முடியாவிட்டால் அவருடைய தாயோ மனைவியோ நண்பரோகூட ஆட்கொணர்வு மனுப் போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையா? காவலில் இருக்கிற யாராக இருந்தாலும் 1987-ஆம் வருஷச் சட்டப்படி இலவசச் சட்ட உதவிக்கு உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

இந்த நாலு வரியைத் தெரிந்து வைத்துக்கொண்டு, தேவைப்படுகிற ஒருவருக்குச் சொன்னால் போதும். அவரோடு ஜெயில் வாசல் வரைக்கும் நாமும் போய்வந்தால் இன்னும் நல்லது.



– மெக்கானிக்கல், 2010 அணி, துடியலூர்